ஹௌகன் வீடுகளும் ஒரு லாஹ்டி வீடும்

கோல்டர் ஏரிக்கரையில் வீடுகளுக்குச் சொந்தக்காரர் பெயர் ஒட்டுவதில்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள், நாலு குளிர்காலம் பார்ப்பார்கள், முழங்கால் வலிக்கிறது என்று விற்றுவிட்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பெயரையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள யாருக்கும் பொறுமையில்லை. கட்டியவர் பெயர்தான் நிற்கும். கேஸ் லாரி எங்கே போயிருக்கிறது என்று ஊர் இரும்புக்கடையில் கேட்டால், "கிழக்குக் கரையில, பச்சைக் கூரை ஹௌகன் வீட்டுக்கு" என்று பதில் வரும். கேட்டவருக்கும் அது போதும்.

இந்த வழக்கத்தால் ஏரியில் யாருக்கும் கஷ்டமில்லை, வெர்னா லாஹ்டியைத் தவிர.

ஏரியைச் சுற்றி நிற்கும் ஹௌகன் வீடுகள் அத்தனைக்கும் வரைபடம் போட்டவள் வெர்னாதான். ஓரின் ஹௌகனுக்கு மனைவியாக இருந்தவரை அதில் ஒரு தொந்தரவும் இல்லை, அவளும் ஹௌகன்தானே. விவாகரத்து ஆனதும் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அப்பாவின் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெயர் வந்தது, வீடுகள் வரவில்லை. அவை ஓரினுடன் தங்கிவிட்டன. அறுபதை நெருங்கும் வயதில், தன் பெயர் சொல்ல ஏரியில் ஒரு கோழிக்கூண்டுகூட இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அவள் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் ஈரப்பலகை அடுக்குகிற வேலையில் இருந்தவர். பின்லாந்துக்காரக் குடும்பம், வீட்டில் பேச்சு குறைவு, காப்பி அதிகம். பள்ளிக்கூடம் முடித்ததும் வெர்னா வனத்துறை அலுவலகத்தில் மலைச்சாலைகளுக்கு வரைபடம் போடும் வேலைக்குப் போனாள். எந்தச் சரிவில் ஜூன் வரைக்கும் பனி கிடக்கும், எந்த வளைவில் பனி உருகும்போது சேறு இறங்கும் என்பதெல்லாம் அந்த வேலையில் அவள் கைக்குப் பழகியது. சாலைக்கு இவ்வளவு யோசிக்கிறோம், வீட்டுக்கு யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லையே என்று அப்போதே தோன்றியதாம். அந்த நாளில்தான் ஓரினைப் பார்த்தாள். அவன் மரம் வெட்டும் கூட்டத்தில் இருந்தவன். வெட்டிய லார்ச் மரங்களை ஆலைக்கு அனுப்ப மனசு வராமல் அவற்றை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடாக்க ஆரம்பித்திருந்தான். அடுக்குவது நன்றாகத்தான் இருந்தது. கதவை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மனை வாங்கியவர்கள் வந்து நின்றால் வெர்னா உடனே பென்சிலைத் தொடமாட்டாள். மடக்கு நாற்காலியை டிரக்கில் போட்டுக்கொண்டு போய்க் காலி மனையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அதுவும் ஜூலையில் இல்லை, நவம்பரில். ஜூலையில் எல்லா மனையும் அழகு காட்டும். மலை இடுக்கிலிருந்து காற்று எந்த வழியாக இறங்குகிறது, வெயில் எந்த முகட்டுக்குப் பின்னால் சீக்கிரம் செத்துப்போகிறது என்பதை நவம்பர்தான் சொல்லும். ஏரியைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். வைத்துக்கொடுப்பாள். ஆனால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தண்ணீர் தெரியவேண்டும் என்று ஜன்னலின் அடியை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவாள். இல்லாவிட்டால் இவ்வளவு செலவு செய்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூரைப் பனி சரிந்து விழுகிற பக்கத்தில் வாசல் வைக்கமாட்டாள். அடுப்படியில் நிற்பவர் ஏரிக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது என்பாள்.

ஓரின் கைவேலையும் லேசுப்பட்டதல்ல. கீழ்மரத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் மேல்மரத்தின் வயிற்றில் கோடாக இழுத்து, சங்கிலி ரம்பத்தால் குடைந்து, இறக்கி வைத்தானானால் நடுவில் காகிதத்தை நுழைக்க முடியாது. அவள் போடும் கோடு, அவன் அடுக்கும் மரம். முப்பது வருஷம் அப்படியே ஓடியது.

வாடிக்கையாளர் யாராவது, இந்த ஜன்னல் இவ்வளவு தாழ்வாக இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால், ஓரின் தாடியைச் சொறிந்துகொண்டு, "ஆமா, நாங்க யோசிச்சுத்தான் வெச்சோம்" என்பான். அந்த 'நாங்க' வெர்னாவுக்குள் எங்கோ சிராய் மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது. எடுத்துப்போடவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. ஓரினிடம் சொன்னால் அவன் உண்மையிலேயே புரியாமல் விழித்திருப்பான். அவன் கெட்டவனில்லை, அதுதான் சிக்கல்.

சிராய் சீழ் வைத்தது நெட்டி டன்லப் வீட்டில். நெட்டி பலூஸ் பக்கம் கோதுமை நிலத்தை விற்றுவிட்டு, கணவர் எர்ல் போன துக்கத்தோடு ஏரிக்கு வந்தவள். ஏரியின் தலையில், ஓடை வந்து கலக்கிற இடத்தில் மனை. வெர்னா போட்ட படங்களிலேயே அதுதான் தேர்ந்தது. அவளே அப்படித்தான் நினைத்தாள். குடிபுகுந்த அன்று விருந்தில் நெட்டி கோப்பையைத் தூக்கி, "ஓரின் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு" என்றாள். எல்லோரும் குடித்தார்கள், வெர்னாவும் குடித்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தன் மேசையையும் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

பிரிந்தபோது பணம், டிரக், நாய் எல்லாவற்றுக்கும் வக்கீல் இருந்தார். ஜாக்கிகளுக்கு இல்லை.

பச்சை மரத்தில் கட்டிய வீடு காயக்காய இறங்கும். படுத்திருக்கும் மரம் தடிமனில் சுருங்கும், அதனால் சுவர் ஆண்டுக்காண்டு குள்ளமாகும். நிற்கிற தூண் அப்படிச் சுருங்காது. சுவர் இறங்கித் தூண் இறங்காவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்ட உத்தரம் வீட்டையே பிளக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு தூணின் காலடியிலும் லாரி ஜாக்கி மாதிரி ஒரு திருகு ஜாக்கி உட்கார்ந்திருக்கும். இலையுதிர் காலத்தில், பனி விழும் முன்பு, அதை மூடியிருக்கும் மரப்பெட்டியைக் கழற்றி, ஸ்பேனர் போட்டு, சுவர் இறங்கிய அளவுக்குத் தூணையும் இறக்கவேண்டும். கட்டியவர்தான் வந்து செய்துகொடுப்பார். கூலி கிடையாது, ஒரு காப்பி, இருந்தால் ஒரு துண்டு கேக். ஏரியில் அது எழுதாத ஒப்பந்தம்.

ஆகவே வக்கீல் போனபிறகு இருவரும் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து ஜாக்கிகளைப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குக் கரை வீடுகள் ஓரினுக்கு, கிழக்குக் கரை வீடுகள் வெர்னாவுக்கு. ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வந்தது, தின்று முடிப்பதற்குள் விஷயமும் முடிந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாலையில் எதிரெதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கும் அதைச் செய்வார்கள்.

பிரிந்து சில வருஷங்கள் கழிந்து, ஒரு அக்டோபரில், லீயன் மெர்க்கர் என்கிற கால்நடை மருத்துவர் வெர்னாவைத் தேடி வந்தாள். ஸ்போகேனில் இருபது வருஷம் மாடும் குதிரையும் பார்த்து அலுத்தவள். கிழக்குக் கரையில் மனை வாங்கியிருந்தாள். வெர்னா அதுவரை தனியாகச் செய்ததெல்லாம் மாடிப்படி மாற்றுவது, தாழ்வாரம் நீட்டுவது என்று சில்லறை வேலைகள்தான். அடித்தளத்திலிருந்து கூரைவரை அவள் பெயரில் ஒரு வீடு என்றால் அது இதுதான், இந்த வயதில் இன்னொன்று வருமா என்பதும் சந்தேகம். லீயன் அதிகம் கேட்கவில்லை. நீ போட்டதிலேயே எது நல்ல வீடோ அதைக் காட்டு, சனிக்கிழமை வருகிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். வெர்னா யோசிக்காமல் நெட்டி வீட்டைச் சொன்னாள்.

முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை நெட்டி வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டவை சாக்ஸ்.

சுவரில், மாடி உத்தரம் வந்து உட்கார்கிற மரத்துக்குக் கீழே, வரிசையாகச் சாக்ஸ் செருகியிருந்தது. சாம்பல் கம்பளி, பழுப்புக் கம்பளி, குதிகாலில் சிவப்புப் பட்டை போட்டது. வெர்னா கிட்டப்போய் ஒன்றை உருவினாள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது. குளிர்காற்று கண்ணில் அடித்தது.

நெட்டி பெருமையாகத்தான் சொன்னாள். "எர்லோட சாக்ஸ். சும்மாத்தானே கெடக்குதுன்னு வெச்சேன். ரெண்டு வருஷமாச்சு, காத்து வர்றதில்ல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே, நெட்டி."

"எதுக்கும்மா? மரவீடு பேசும்னு நீதானே சொன்னே. ராத்திரியில டமார் டமார்னு பேசுது. பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வெர்னா மாடிக்குப் போனாள். தரை நடுவில் முதுகு புடைத்துக் கிடந்தது. குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. நெட்டி அதற்கு ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தாள். கீழே வந்து தூணின் காலடிப் பெட்டியைக் கழற்றினாள். ஜாக்கியின் மரையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கட்டிய வருஷம் இருவருமாக வந்து திருப்பியதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. சுவர் தன்பாட்டுக்கு இறங்கியிருக்கிறது, தூண் நின்ற இடத்தில் நிற்கிறது. இனி பனி விழுந்து கூரையில் பாரம் ஏறினால், எங்கே உடையும் என்றுதான் கேட்கவேண்டும், உடையுமா என்று கேட்கவேண்டியதில்லை.

ஓரின் ஏன் வரவில்லை என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டு விலாசத்தில் மேற்குக் கரைச் சாலை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதுவும் இல்லாமல், அவன் கட்டிக்கொடுத்த வீடாம். கோப்பை தூக்கிச் சொன்னார்களே.

இரண்டு தூண்கள்: ஒன்று அடுப்படி ஓரம், மற்றது கணப்பு ஓரம். இரண்டையும் சேர்ந்தாற்போல, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டும். ஒன்று முந்தினால் உத்தரம் முறுக்கிக்கொள்ளும், மாடிக் குளியலறையின் குழாய் நொறுங்கும். ஒரு ஆள் இங்கும் அங்கும் ஓடிச் செய்கிற காரியமில்லை. ஆனால் எல்க் மான் வேட்டைப் பருவம் திறந்த வாரம் அது. அந்த வாரத்தில் கோல்டர் ஏரியில் கைவேலை தெரிந்த ஆம்பளை ஒருவன்கூடக் கிடைக்கமாட்டான். பிளம்பர், எலக்ட்ரீஷியன், பாதிரியார் உட்பட எல்லோரும் காட்டில். வெர்னா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். எல்லா வீட்டிலும் மனைவிமார்தான் எடுத்தார்கள்.

கடைசியில் மறுநாள் காலை டிரக்கை எடுத்துக்கொண்டு, ஓரின் வழக்கமாகக் கூடாரம் போடுகிற மேட்டுக்கு ஏறினாள். லார்ச் மரங்கள் மஞ்சளாகி ஊசியிலைகளைச் சாலையில் உதிர்த்திருந்தன. கூடாரத்துக்குள் தகர அடுப்பு எரிந்தது. நாலு ஆண்கள் காப்பியும் பன்றிக்கறியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் டல்லஸ் என்ற பிளம்பர், "திறந்த நாள்லேர்ந்து காத்துக் கெடக்கோம், ஒரு மானும் வரல. தேடி வந்தது இதுதான்டா ஓரின்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஓரின் சிரிக்கவில்லை. அவள் அங்கே வந்தால் யாரோ செத்திருக்கவேண்டும் என்று நினைத்தவன் மாதிரி பார்த்தான்.

வெர்னா உட்காரவில்லை. "நெட்டி வீட்டு ஜாக்கிய நீ ஏன் திருப்பல?"

"நான் எதுக்குத் திருப்பணும்? அது உன்னோடதாச்சே."

"மேற்குக் கரைச் சாலைன்னு போர்டு இருக்கு."

"போர்டை யாரு பாத்தா? வீடு ஓடைக்குக் கிழக்கால நிக்குது." ஓரின் கோப்பையைக் கீழே வைத்தான். "அதுவும் இல்லாம, நீ மனசு வெச்சுப் போட்ட வீடு. நான் கை வெச்சா நீ கடிச்சுக் குதறிருவேன்னு நெனச்சேன்."

கூடாரத்தில் சிரிப்பு நின்றது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் மரவீடு தெரிந்தவர்கள். நடந்தது என்னவென்று யாரும் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டல்லஸ் அடுப்பில் இன்னொரு விறகை வைத்தான், தேவையே இல்லாமல்.

"எவ்வளவு பிளந்திருக்கு?" என்றான் ஓரின்.

"விரல் போகுது."

"எந்த விரல்?"

வெர்னா கட்டைவிரலைக் காட்டினாள். ஓரின் எழுந்து பூட்ஸைத் தேடினான்.

தனித்தனி டிரக்கில் இறங்கினார்கள். நெட்டியை வெளியே உட்காரச் சொன்னதற்கு, என் வீடு விழும்போது நான் உள்ளே இருப்பேன் என்று மறுத்துவிட்டாள். அவளுக்கும் ஒரு வேலை இருந்தது: சுவரிலிருந்து எர்லின் சாக்ஸையெல்லாம் உருவவேண்டும், இல்லாவிட்டால் மரம் கடித்துக்கொள்ளும். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி உருவிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றையும் ஜோடி சேர்த்து மடித்து வைத்தாள்.

ஓரின் அடுப்படித் தூணில் மண்டியிட்டான், வெர்னா கணப்புத் தூணில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் சாப்பாட்டு மேசை. பழைய வழக்கப்படி ஓரின்தான் முதலில் குரல் கொடுத்தான்.

"கால் சுத்து."

"கால் சுத்து" என்றாள் வெர்னா, திருப்பிவிட்டு.

பிறகு பொறுத்திருக்கவேண்டும். வீடு யோசிக்கும். எங்கோ மேலே ஒரு மரம் முனகும், மாடித் தரை நெளியும், திடீரென்று வெடிச்சத்தம் மாதிரி ஒன்று கேட்கும், பரணிலிருந்து தூசு கொட்டும். அது அடங்கியபிறகு அடுத்த கால் சுற்று. இருவரும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. முந்நூறு மைல் தள்ளிக் கட்டிய வீடுகளில்கூட இப்படித்தான் செய்திருக்கிறார்கள். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. வெர்னாவுக்கு அது பிடிக்கவுமில்லை, பிடிக்காமலுமில்லை. ஸ்பேனரின் பிடி சில்லென்று இருந்தது, அதைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வேலையில் வாசல் கதவு திறந்தது. லீயன் மெர்க்கர் நின்றாள். கணவாயில் சனிக்கிழமை பனி என்று ரேடியோவில் சொன்னார்களாம். ஒரு நாள் முந்திக் கிளம்பிவிட்டாள். தட்டிப் பார்த்தாளாம், யாருக்கும் கேட்கவில்லை. வெர்னா மண்டியிட்டபடியே அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மூலைமூலையாகத் தூசு, மேசைமேல் மடித்துவைத்த சாக்ஸ் குவியல், ஸ்டூலின் மேல் எண்பது வயதுக் கிழவி. தன் வீடுகளிலேயே தேர்ந்தது என்று காட்ட நினைத்த வீடு அது.

லீயன் ஒன்றும் கேட்காமல் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசவம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. வெர்னாவும் ஓரினும் கால் சுற்று, கால் சுற்று என்று போய்க்கொண்டிருந்ததை முழுவதும் பார்த்தாள். மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்து படிந்தன. சுவரில் தெரிந்த ஏரி மெலிந்து கோடாகி மறைந்தது. இன்னும் ஒரே ஒரு கால் சுற்று பாக்கி இருக்கையில் ஓரின் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"வருஷா வருஷம் செய்யறதுதாங்க" என்றான், லீயனைப் பார்த்து. "சர்வீஸ் மாதிரி."

பொய் என்றும் சொல்லமுடியாது. வருஷா வருஷம் செய்யவேண்டியதுதான். அவன் உதவிக்குத்தான் சொன்னான், அது வெர்னாவுக்குத் தெரிந்தது. நெட்டியும் தலையாட்டக் காத்திருந்தாள். வெர்னா சும்மா இருந்திருந்தால் போதும்.

"வருஷா வருஷம் செய்யல" என்றாள். "கட்டினதோட சரி. இது அவர் பக்கம்னு நான் இருந்துட்டேன், என் பக்கம்னு அவர் இருந்துட்டாரு. கேட்டுக்கிட்டிருந்தா நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நாங்க பேசிக்கிறதில்ல."

சொன்ன பிறகுதான் அவள் வாயிலிருந்து வந்த அந்த 'நாங்க' காதில் விழுந்தது. அது அங்கே சரியாகத்தான் இருந்தது.

ஓரின் தரையைப் பார்த்தான். லீயன் எழுந்து போய், இறங்கிய சுவரைக் கையால் தடவினாள், குதிரையின் விலாவைத் தடவுகிற மாதிரி. தாழ்ந்த ஜன்னலுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"என் வீட்டு ஜாக்கிய யாரு திருப்புவா?" என்றாள்.

"நான்."

"உனக்கும் உனக்கும் சண்டை வந்துட்டா?"

முதலில் சிரித்தவன் ஓரின். அப்புறம் நெட்டி. வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை; அவள் இன்னும் லீயனின் முடிவுக்குக் காத்திருந்தாள்.

லீயன் தன் முடிவைச் சொன்னாள். இந்த ஜன்னல் எனக்கு வேண்டும், இந்த அடுப்படியும் வேண்டும். வீடு இறங்குகிறது என்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை, உயிருள்ளது எல்லாம் அப்படித்தான். ஆனால் இப்போது பார்த்தேனே, ஒருவர் விட ஒருவர் தாங்க, கன்றுக்குட்டியை இழுத்துப் போடுகிற மாதிரி, அப்படிச் செய்கிற ஆட்கள் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. எனக்கு இரண்டு பேரும் வேண்டும். இல்லாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன்.

வெர்னா எதிலிருந்து தப்பித்து வந்தாளோ அதையே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஓரின் வந்தால் இன்னொரு ஹௌகன் வீடு. வராவிட்டால் வீடே இல்லை. அவள் ஸ்பேனரைத் துணியால் துடைத்தாள். துடைப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

"படம் என்னது" என்றாள். "கான்ட்ராக்ட் என் பேர்ல. வாசல் போர்டுல லாஹ்டி, வேற பேர் கிடையாது. ஓரின் வரணும்னா கூலிக்கு வரட்டும். மணிக்கு இவ்வளவுன்னு."

எல்லோரும் ஓரினைப் பார்த்தார்கள். அவன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடியைச் சொறிந்தான். ஏரியில் அவனிடம் கூலிக்கு இருந்தவர்கள் உண்டு. வீடு கட்ட ஆரம்பித்த பிறகு அவன் யாரிடமும் இருந்ததில்லை. முப்பது வருஷத்தில் தன்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவளிடம் தானும் எதையும் கேட்டதில்லை என்பது தெரிந்ததா என்று சொல்லமுடியாது.

"மத்தியானச் சாப்பாடு உண்டா, முதலாளியம்மா?"

"சாண்ட்விச். மயோனைஸ் போடமாட்டேன்."

"அப்ப யோசிக்கணும்" என்றான் ஓரின். குனிந்து ஸ்பேனரை மாட்டினான். பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான்: குரல் கொடுக்காமல் காத்திருந்தான்.

வெர்னாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "கால் சுத்து" என்றாள்.

"கால் சுத்து" என்றான்.

மேலே ஏதோ தட்டென்று அமர்ந்தது. மாடிக் குளியலறைக் கதவு தானாகவே சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. நெட்டி மேசைமேல் இருந்த சாக்ஸை எண்ணிவிட்டு ஒன்று குறைகிறது என்றாள். தேடினால், கணப்புக்கு மேலே இரண்டு மரத்துக்கு நடுவே, சிவப்புப் பட்டை போட்ட குதிகால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. இருக்கட்டும், எர்லுக்கு இந்த அறை பிடிக்கும் என்று நெட்டி சொல்லிவிட்டாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நெட்டி வீடு யார் பக்கம் என்பது கடைசிவரை தீரவில்லை. தீர்த்துக்கொள்ள இருவருக்கும் நம்பிக்கை போதவில்லை. அக்டோபரில் முதல் உறைபனி கண்டதும் இரண்டு டிரக்கும் அங்கே போய் நிற்கும். ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தனித்தனியாகக் கிளம்பிப் போவார்கள்.

லீயன் வீடு இரண்டு கோடையில் எழுந்தது. வாசலில் லாஹ்டி என்று வெர்னா தன் கையாலேயே எழுதி மாட்டினாள். மரம் குடையும் வேலைக்கு ஓரின் தினமும் வந்தான். தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்தான், மயோனைஸ் போட்டு. பார்க்க வருகிறவர்கள் இந்த ஜன்னல் ஏன் இப்படி என்று கேட்டால், சங்கிலி ரம்பத்தை அணைக்காமலே தலையைத் திருப்பி வெர்னா இருக்கும் பக்கம் காட்டுவான். ஒரே ஒரு தடவை, பழக்கதோஷத்தில், "நாங்க" என்று ஆரம்பித்துவிட்டு இருமினான்.

ஆனால் ஏரியின் வாய் போர்டு பார்த்துப் பேசுவதில்லை. வீடு முடிந்த இலையுதிர் காலத்தில், வெர்னா கீல் வாங்க இரும்புக்கடைக்குப் போயிருந்தாள். கேஸ் லாரிக்குப் புதிதாக வந்திருந்த டிரைவர் வழி கேட்டுக்கொண்டிருந்தான். மெர்க்கர் என்று சீட்டில் இருக்கிறது, எந்த வீடு என்று தெரியவில்லை என்றான்.

"அதுவா, ஓரின் கூலிக்குப் போன வீடு" என்றான் கடைக்காரன். சொன்ன பிறகுதான் அலமாரிக்கு அந்தப் பக்கம் வெர்னா நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெர்னா கீல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனைக்குப் பிறகும் பெயரில் அவன்தான் இருக்கிறான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வருவதற்குள் டிரைவர் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டான். அவன் புதிய ஆள்; ஓரின் ஹௌகன் யார் என்பது மட்டும் அவன் காதில் விழுந்திருந்தது.

"ஓரின் ஹௌகனா? அவரு யார்கிட்ட கூலிக்குப் போனாரு?"

கடைக்காரன் மோவாயால் அலமாரிப் பக்கம் காட்டினான். டிரைவர் திரும்பிப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான். வெர்னா கீலுக்குக் காசு கொடுத்துவிட்டு, கிழக்குக் கரைக்கு எந்தத் திருப்பத்தில் திரும்பவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.